ஃபுத்தோனுக்கு அடியில் கறுப்புப் பூசணம்: கட்டில் வாங்குவதற்கு முன்னால்

வாசகர் கேள்வி

வணக்கம் சார். போன நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து ஜப்பான் வந்தோம். கவாசாகியில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில், தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறை ஆறு தத்தாமி அறை, அதாவது கோரை வேய்ந்த தடித்த பாய்கள் ஆறு தரையாகப் பதித்த அறை. ஊரில் பாயில் படுத்து வளர்ந்தவர்கள்தானே, கட்டில் எதற்கு என்று, தரையில் விரித்து மடித்து வைக்கும் ஜப்பானிய மெத்தையான ஃபுத்தோனை ஆளுக்கொன்று வாங்கிப் போட்டோம். தத்தாமி அழுக்காகிவிடக் கூடாதே என்று அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் விரித்தேன். காலையில் போர்வையை மட்டும் மடிப்பேன், மெத்தையை எடுப்பதில்லை. போன வாரம் கூட்டுவதற்காகத் தூக்கினால் அடியெல்லாம் ஈரம். கணவர் படுக்கும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள். தத்தாமியிலும் பச்சையாகப் பூசணம். டெபாசிட்டில் பிடித்துவிடுவார்களா? கணவர் இடுப்பு வலி என்கிறார். ஐந்து வயது மகள் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முகிறாள். ஜூனில் மாமியார் மூன்று மாதம் தங்க வருகிறார், அவருக்கு முழங்கால் வலி வேறு. பக்கத்து வீட்டம்மா தன் ஃபுத்தோனைப் பால்கனியில் போட்டு அடி அடியென்று அடிக்கிறார். நாங்களும் அப்படிச் செய்ய வேண்டுமா? பேசாமல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டில் வாங்கிவிடலாமா?

ஒரு வாசகி, கவாசாகி

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வாடகை வீடுகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். குடியிருப்பவர்கள் காலி செய்யும்போது அறை அறையாகப் பார்த்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. தத்தாமி அறைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது நீங்கள் எழுதியிருக்கும் இதே சேதத்தைத்தான்: படுக்கை கிடந்த இடத்தில் ஒரு நீள்சதுரம், அதற்குள் இடுப்பும் முதுகும் அழுந்திய பகுதியில் மட்டும் கறுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள். தனியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஜப்பானிய மாணவர்கள் வீட்டிலும் இதே கதைதான். எடுக்காமலே கிடக்கும் படுக்கைக்கு இங்கே ‘மன்னென்தோகோ’ என்று பெயர். சோம்பேறித்தனத்தைச் சொல்லும் சொல் அது. உங்கள் விஷயத்தில் சோம்பல் எதுவும் இல்லை, யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஃபுத்தோன் தினமும் தூக்கப்படுவதற்காகவே செய்யப்பட்ட படுக்கை. தூக்கும்போதுதான் அது உலர்கிறது. அறையை ஒழுங்காக வைப்பதெல்லாம் கூடவே கிடைக்கும் நன்மை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

பாயில் படுத்து வளர்ந்த பழக்கம் உங்கள் உடம்புக்கு நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் பாய் மெல்லியது, இரண்டு பக்கமும் காற்று படும், காலையில் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவோம். இங்கே அடியில் விரிப்பது ஷிகிபுத்தோன், மேலே போர்த்துவது காகேபுத்தோன். ஷிகிபுத்தோன் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள பஞ்சு. ஒருவர் ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவுக்கு வேர்ப்பதாகப் படுக்கைக் கடைக்காரர்கள் சொல்வார்கள். குளிர்காலத்திலும் வேர்க்கிறது, நமக்குத் தெரிவதில்லை. போர்வைக்குள் சுமார் 33 டிகிரி சூடு. தரைத்தள வீட்டின் தரையோ பிப்ரவரியில் ஜில்லென்று கிடக்கிறது. சூடான ஈரக்காற்று பஞ்சு வழியாகக் கீழே இறங்கி, குளிர்ந்த தரையைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. காலையில் உங்கள் ஜன்னல் கண்ணாடியில் வழிகிறதே, அதேதான் படுக்கைக்கு அடியிலும் நடக்கிறது.

வெறும் தத்தாமியாக இருந்திருந்தால் அது அந்த ஈரத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு பகலில் வெளியே விட்டிருக்கும். மேல் விரிப்பு இகுசா என்ற கோரை. உள்நாட்டு இகுசாவில் மிகப் பெரும்பங்கு குமமோட்டோ மாவட்டத்தின் யட்சுஷிரோ பகுதியில் விளைகிறது. உள்ளே, பழைய தத்தாமி என்றால் ஐந்து சென்டிமீட்டருக்கும் மேலாக இறுக்கிய வைக்கோல். இரண்டும் ஈரத்தை இழுக்கும். புதிய தத்தாமிகளில் வைக்கோலுக்குப் பதில் மரநார்ப் பலகையோ ஃபோமோ வைக்கிறார்கள், அவை அந்த அளவுக்கு இழுப்பதில்லை. மரத்தரை இதையும் விட மோசம், அது ஈரத்தை வாங்கவே வாங்காது. நீங்கள் தத்தாமியைக் காப்பாற்றுவதாக நினைத்து விரித்த பிளாஸ்டிக், மேலே ஃபுத்தோனின் ஈரத்தையும் கீழே தத்தாமியின் ஈரத்தையும் அப்படியே பூட்டி வைத்துவிட்டது. அதனால்தான் இரண்டு பக்கமும் பூசணம்.

இப்போது காலை நேரம். எழுந்ததும் மடிக்காதீர்கள். காகேபுத்தோனைக் கால்மாட்டுக்குத் தள்ளி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். உடல் சூடு ஆறி, ஆவி வெளியேறட்டும். பல் துலக்கி, டீ போட்டு, குழந்தையைக் கிளப்புவதற்குள் அந்த நேரம் போய்விடும். பிறகு ஷிகிபுத்தோனை மூன்றாக மடித்து ஓஷீரேயில், அதாவது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுள்ள அந்தச் சுவர் அலமாரியில் வையுங்கள். 100 செ.மீ. அகலம், 210 செ.மீ. நீளமுள்ள ஒற்றைப் படுக்கையை மூன்றாக மடித்தால் 100-க்கு 70. ஓஷீரேயின் ஆழமே அந்த மடிப்புக்குத் தோதாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு தட்டு இருக்கிறதல்லவா, அதற்கு மேலே வையுங்கள். கீழ்த்தட்டில் ஈரம் தங்கும், அங்கே பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம். ஃபுத்தோனுக்கு அடியில் சுனோகோ என்ற மரச்சட்டப் பலகை இரண்டு போட்டு, பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஷிகிபுத்தோன் கீழே, காகேபுத்தோன் அதன்மேல், தலையணை எல்லாவற்றுக்கும் மேல். பகலில் கதவை ஒரு சாண் திறந்தே வைத்திருங்கள்.

அலமாரியில் வைப்பதற்கு நேரமில்லாத நாட்கள் வரும். அப்போது சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டை முதுகோடு முதுகாக, நடுவில் ஒரு முழம் இடம் விட்டு நிறுத்துங்கள். ஷிகிபுத்தோனை அடிப்பக்கம் வெளியே தெரியும்படி அவற்றின் மேல் போட்டுவிடுங்கள். மாலையில் தொட்டுப் பாருங்கள். இடுப்பு அழுந்தும் இடம் கைக்கு ஜில்லென்று பட்டால் இன்னும் காயவில்லை. அந்த ஓர் இடத்தைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும், இனி பூசணம் உங்களுக்குத் தெரியாமல் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதத்தில் மடிப்பேன், விரித்தேன், தூக்கினேன் என்று எல்லாவற்றையும் நீங்கள்தான் செய்கிறீர்கள். பஞ்சு ஷிகிபுத்தோன் ஒன்று ஐந்தாறு கிலோ இருக்கும். மூன்றையும் தினமும் ஒருவரே தூக்கினால் ஒரு மாதத்தில் அலுத்துப்போகும், பிறகு பழையபடி கிடக்க ஆரம்பிக்கும். கணவர் அவருடையதை எடுக்கட்டும். மகள் தன் தலையணையையும் போர்வையையும் கொண்டுபோய் வைக்கட்டும், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அது விளையாட்டு மாதிரிதான்.

விரிக்கும் இடத்தையும் கவனியுங்கள். பழைய தொகுப்பு வீடுகளில் தத்தாமி சிறியது, பொதுவாக 170-க்கு 85 செ.மீ. ஆறு தத்தாமி அறை என்றால் 340-க்கு 255. மூன்று ஒற்றைப் படுக்கைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டால் 300 ஆகிறது. மிச்சமுள்ள 40-ஐ இரண்டு பக்கச் சுவருக்கும் பிரித்துக் கொடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிப் போட்டால் சுவரில் படியும் ஈரமும் படுக்கைக்கு வரும். இரட்டைப் படுக்கை வாங்கும் யோசனை இருந்தால் கைவிட்டுவிடுங்கள். தினமும் தூக்குவது கஷ்டம், மடித்து ஓஷீரேயில் வைப்பதும் கஷ்டம்.

வெயிலில் போடுவதும் அடிப்பதும்.

பஞ்சு ஃபுத்தோனுக்கு வெயில்தான் மருந்து. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள், ஒரு பக்கம் ஒரு மணி நேரம், மறுபக்கம் ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். மூன்று மணிக்கு மேல் விட்டுவைத்தால் காற்றில் ஈரம் ஏறி, காய்ந்தது மறுபடி நமுத்துவிடும். இறகு காகேபுத்தோனை உறையோடு நிழலில், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போட்டால் போதும். பெரிய பிளாஸ்டிக் கவ்விகள் விற்கிறார்கள், கட்டாயம் மாட்டுங்கள். காற்றில் பறந்து கீழே விழுந்தால் ஆபத்து. சில கட்டடங்களில், முக்கியமாகப் புதிய உயரமான கோபுரக் கட்டடங்களில், கைப்பிடிச் சுவரில் போடவே கூடாது என்று விதி உண்டு. பக்கத்து வீட்டம்மா போடுகிறார் என்பதால் உங்கள் குடியிருப்பில் அந்தத் தடை இருக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அடிப்பது வேண்டாம். அந்தம்மா செய்வது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம், அவரிடம் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஆனால் பலமாக அடித்தால் பஞ்சின் இழை அறுகிறது. உள்ளே இருக்கும் சிற்றுண்ணிகளின் எச்சமும் செத்த உடலும் நொறுங்கித் தூளாகி மேலே வருகின்றன. தும்மலை வரவழைப்பது அந்தத் தூள்தான். வெயிலில் காய்ந்த பிறகு வாக்குவம் கிளீனரால் இரண்டு பக்கமும் மெதுவாக, அழுத்தாமல் இழுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தூசியைக் கையால் லேசாகத் தட்டிவிடலாம், அவ்வளவுதான். உண்ணிகளைக் கொல்ல 50 டிகிரிக்கு மேற்பட்ட சூடு அரைமணி நேரமாவது வேண்டும். பால்கனி வெயிலில் ஃபுத்தோனின் உட்புறம் அந்தச் சூட்டை எட்டாது. ஃபுத்தோன் உலர்த்தும் கருவி அதற்குத்தான். சின்ன எந்திரம், அதன் குழாயைக் காகேபுத்தோனுக்கும் ஷிகிபுத்தோனுக்கும் நடுவில் செருகினால் சூடான காற்றை உள்ளே விடும். ஓரங்களும் சூடாகும்படி கொஞ்ச நேரம் கழித்து இடம் மாற்றி வையுங்கள். வெளியே போட வழியில்லாத வீட்டில் அதுதான் முதலில் வாங்க வேண்டிய பொருள்.

உங்களுக்கும் அது இப்போதே தேவைப்படும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சுகி என்ற ஊசியிலை மரங்களின் மகரந்தம் பறக்கும் காலம், ஜப்பானியர்களில் ஏராளமானவர்கள் மூக்கொழுக அவதிப்படும் மாதங்கள் இவை. இப்போது ஃபுத்தோனை வெளியே போட்டால் மகரந்தம் அதில் ஒட்டி நேராகப் படுக்கைக்கு வரும். மகளின் தும்மலுக்குப் பூசணம், உண்ணி, மகரந்தம் மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். ஊகித்துக்கொண்டிருக்காமல் ஜிபிகா என்று பலகை வைத்திருக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய் ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். படுக்கையில் பூசணம் இருந்த விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். இரவில் இழுப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அதுவரை அவளைப் பூசணமில்லாத படுக்கையில், முடிந்தால் வேறு அறையில் படுக்க வையுங்கள்.

இனி அந்தப் பூசணத்துக்கு வருவோம்.

தத்தாமியில் வாக்குவம் போடாதீர்கள், பூசணத்தின் விதைத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது, அதற்குத் தேவையான தண்ணீரை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடும். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள், கோரை வெளுத்துப் பாழாகிவிடும். முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, அடுப்போ ஹீட்டரோ எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70, 80 சதவீத எத்தனாலை முதலில் ஒரு மூலையில் தெளித்து நிறம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் பூசணத்தின் மேல் தெளித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷால் கோரை ஓடும் திசையிலேயே மெதுவாகத் தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் நார் உரியும். உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, துணியை மடித்து மடித்துப் புதுப்பக்கத்தைப் பயன்படுத்துங்கள், அப்புறம் எறிந்துவிடுங்கள். மறுபடி ஒருமுறை எத்தனால் துடைத்து, மின்விசிறி வைத்து ஒரு முழு நாள் காயவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் எதுவும் விரிக்க வேண்டாம்.

பச்சைப் பூசணம் பெரும்பாலும் மேலோட்டமானது, போய்விடும். ஃபுத்தோனில் உள்ள கறுப்புப் புள்ளிகள் அப்படியல்ல. அது பஞ்சுக்குள் இறங்கியிருக்கும், சலவைக்குக் கொடுத்தாலும் கறை போகாது. மலிவு ஃபுத்தோன் என்றால் கணவருடையதைக் கழித்துவிடுங்கள் என்பேன். வழக்கமான குப்பையோடு வைக்கக் கூடாது. நகராட்சியில் பெரிய குப்பை என்று பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, அவர்கள் சொல்லும் நாளில் வெளியே வைக்க வேண்டும். மற்ற இரண்டும் ஈரம் மட்டும்தான் என்றால் நாணயம் போடும் சலவைக்கடையின் பெரிய டிரையரில் போட்டு எடுங்கள். போடும் முன் சூட்டில் உலர்த்தலாமா என்று அதன் துணிச்சீட்டைப் பாருங்கள்.

டெபாசிட் பற்றிக் கேட்டீர்கள். குடியிருந்தவர் எதற்குப் பணம் தர வேண்டும், எதற்குத் தர வேண்டாம் என்று 1998-ல் அன்றைய கட்டுமான அமைச்சகம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கடைசியாக 2011-ல் அதைத் திருத்தினார்கள். சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானம் குடியிருந்தவர் தலையில் வராது என்பது 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சிவில் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. தத்தாமி வெயிலில் நிறம் மாறினாலும், மேசைக்கால் அழுந்திப் பள்ளம் விழுந்தாலும் அது வீட்டு உரிமையாளர் செலவு. ஈரம் தேங்குவது தெரிந்தும் சொல்லாமல், துடைக்காமல் விட்டுப் பரவிய பூசணம் குடியிருந்தவர் செலவில் சேரும். ஆகவே நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது, தேதியுடன் படம் எடுத்து நிர்வாக அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. பயந்து மறைத்தவர்களுக்குத்தான் கடைசியில் செலவு கூடியிருக்கிறது, இதை என் வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன். அப்படியே கட்ட வேண்டி வந்தாலும் தத்தாமியை ஒன்று ஒன்றாகத்தான் கணக்கிடுவார்கள். பூசணம் இரண்டில் இருந்தால் ஆறுக்கும் பணம் கேட்க முடியாது. மேல்விரிப்பைத் திருப்பிப் போடுவது, புதிதாக மாற்றுவது என்று இரண்டு வகை வேலை உண்டு. எது போதும் என்று கேளுங்கள். தரைத்தளம் என்பதால் தரைக்கு அடியிலிருந்தே ஈரம் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கணவரின் இடுப்பு வலிக்கு நான் மருத்துவன் இல்லை. கால் மரத்துப் போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ செய்கேய் கேகா என்ற எலும்பு மருத்துவரைப் பார்க்கட்டும். ஆனால் படுக்கையைச் சோதிக்க எனக்குத் தெரியும். அவரை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, அவர் இடுப்புக்கு நேர் கீழே ஃபுத்தோனுக்கும் தரைக்கும் நடுவில் உங்கள் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் அழுந்துவது தெரிந்தால் பஞ்சு அமுங்கிவிட்டது, அவர் ஏறக்குறைய தரையில் படுக்கிறார். மூன்றே மாதத்தில் இப்படி ஆகிறது என்றால் வாங்கியது சன்னமான ரகம்.

புதிதாக வாங்கும்போது நடுவில் கெட்டியான பாலியஸ்டர் அட்டை, மேலும் கீழும் மெத்தென்ற அடுக்கு என்று மூன்றடுக்காக இருக்கும் ரகத்தைப் பாருங்கள். எடை குறைவு, சீக்கிரம் உலரும். தரைத்தளத்தில் வெயில் குறைவாக விழும் வீட்டுக்கு அதுதான் பொருத்தம். எனக்குத் தனிப்பட்ட முறையில் பஞ்சு ஃபுத்தோன் மேல்தான் பிரியம். வெயிலில் காய்ந்த அன்றிரவு அதில் படுத்தால் வேறெதிலும் அந்தத் தூக்கம் வராது. ஆனால் வாரம் இரண்டு நாள் நல்ல வெயில் கிடைக்காதவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. வாங்க முடிந்தவர்களுக்கு ஒரு செய்தி: ஷிகிபுத்தோனுக்கு இந்தியப் பஞ்சுதான் உசத்தி என்று இங்குள்ள பழைய ஃபுத்தோன் கடைக்காரர்கள் சொல்வார்கள். இழை குட்டையாக, தடித்து, அழுத்தினால் எழும்பி வரும். இந்தியப் பஞ்சுக்கும் ஜப்பானுக்கும் உறவு பழையது. நிப்பான் யூசென் கப்பல் நிறுவனம் 1893-ல் பம்பாய்க்கு வழித்தடம் தொடங்கியதே நூற்பாலைகளுக்குப் பஞ்சு கொண்டுவரத்தான். மெய்ஜி காலத்தில் பஞ்சு மலிவானதற்கு அப்புறம்தான் கெட்டியான ஃபுத்தோன் சாதாரண வீடுகளுக்கு வந்தது. அதற்கு முன்னால் ஏழைகளுக்கு வைக்கோலும் கோரைப்பாயும்தான்.

நல்ல பஞ்சு ஃபுத்தோனை அமுங்கியதும் எறிய வேண்டியதில்லை. நம் ஊரில் பஞ்சு அடிக்கிறவர் பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்துப் புசுபுசுவென்று ஆக்கி மறுபடி திணித்துத் தைத்துக் கொடுப்பாரே, அதே வேலையை இங்குள்ள ஃபுத்தோன் கடைகளும் செய்கின்றன. உச்சினாவோஷி என்று கேளுங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் ஒரே பஞ்சு பல வருடம் வரும்.

கட்டில் வாங்கலாமா என்றால், உங்கள் மூவருக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஆறு தத்தாமி அறையில் இரண்டு கட்டில் போட்டால் குழந்தைக்கு விளையாட இடமே இருக்காது. பகலில் படுக்கை போய்விடும் அறை, சின்ன வீட்டில் உங்களுக்குக் கிடைக்கும் இன்னோர் அறை. தரைக்கும் படுக்கைக்கும் நடுவில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு ஒன்று போடுங்கள். சிலிக்கா ஜெல் அடைத்த விரிப்பு அது, நிறைந்ததும் அதிலுள்ள பொட்டு நிறம் மாறிக் காட்டும், காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். மடிக்கக்கூடிய சுனோகோ பலகையும் நல்லதுதான். அது இருக்கிறதே என்று படுக்கையை எடுக்காமல் விட்டவர்கள் வீட்டில் பலகைக்கும் பூசணம் வந்திருக்கிறது. ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். வேலை நேரம் ஒத்துவராமல் தினமும் தூக்க முடியாமல் போனால், அப்போது தாராளமாகக் கட்டில் வாங்குங்கள். ஜப்பானியர்கள் பலரை மிரட்டுவதும் இந்தத் தினப்படி வேலைதான், அதில் குறையேதும் இல்லை. ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: ஃபுத்தோன் என்ற பெயரில் மற்ற நாடுகளில் விற்கும் மரச்சட்ட சோஃபா கம் பெட், இங்கே நாம் பேசும் பொருளே இல்லை.

மாமியாரை மட்டும் தரையில் படுக்க வைக்காதீர்கள். அவர் வரும் ஜூனில் இங்கே த்சுயு என்ற மழைக்காலம் தொடங்கும், ஜூலை நடுப்பகுதியைத் தாண்டியும் நீடிக்கும். படுக்கையை வெயிலில் போட வழியிருக்காது. முழங்கால் வலியோடு இரவில் இரண்டு முறை தரையிலிருந்து எழுவது பெரிய கஷ்டம். இங்குள்ள முதியவர்களும் முட்டி தேய்ந்ததும் கட்டிலுக்கு மாறிவிடுகிறார்கள், தத்தாமி அறையிலேயே கட்டில் போடும் விடுதிகளும் நிறைய வந்துவிட்டன. மூன்று மாதத்துக்காகப் புதிதாக வாங்க வேண்டாம். கட்டிலை மாத வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. உட்கார்ந்தால் அவர் பாதம் முழுதும் தரையில் படும் உயரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்தால் தத்தாமி பள்ளமாகாது. உறவினர்கள் நாலு நாள் வந்து போனால் விருந்தினர் ஃபுத்தோனை வாடகைக்குத் தரும் கடைகளும் இருக்கின்றன, வீட்டுக்கே கொண்டுவந்து தந்து, எடுத்தும் போவார்கள்.

அவர் கட்டிலைக் கழிப்பறைக்குப் போகும் கதவுப் பக்கமாகப் போடுங்கள், இருட்டில் உங்கள் ஃபுத்தோன் ஓரத்தில் கால் தடுக்காது. வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அவர் சொல்லக்கூடும். இங்கே இறந்தவர்களைத்தான் வடக்கே தலை வைத்துக் கிடத்துவார்கள் என்பதால் பல ஜப்பானியக் குடும்பங்களிலும் அதே கட்டுப்பாடு உண்டு, கேட்டால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். மழைக்காலத்தில் ஏசியை உலர் நிலையில் ஓடவிட்டு, உலர்த்தும் கருவியை வாரத்துக்கு இரண்டு முறை பயன்படுத்தினால் அவருடைய படுக்கையும் உங்களுடையதும் தாங்கும். ஓஷீரேயின் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. இன்றைக்கே பாருங்கள். அங்கேயும் ஈரம் இருந்தால் அதையும் படம் எடுத்து, நிர்வாகத்துக்கு எழுதும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.